அத்தியாயம் 4: கண், கருவி, காது, ஏடு (ஆடிட் படிவத்தில் கேள்வி வகையைத் தேர்ந்தெடுப்பது)

திருப்பூரில் ஓரளவு பெரிய பனியன் கம்பெனி எதற்குள் போனாலும், ஹெச்.ஆர். அறை அலமாரியில் ஆடிட் கோப்புகள் ஒரு தட்டு முழுக்க நிற்கும். எஸ்.ஏ.8000, பி.எஸ்.சி.ஐ., செடெக்ஸ், கோட்ஸ், அதற்கு மேல் ஒவ்வொரு பையரும் தனியாகக் கேட்கிற பட்டியல். வெளி ஆடிட்டர் வருவதற்கு முன் கம்பெனியே நடத்திக்கொள்ளும் உள்தணிக்கைதான் இதில் அதிக வேலை வாங்குவது. அந்தப் பட்டியலைப் பலரும் இப்போது கைப்பேசிக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றும்போது நிறையப் பேர் செய்தது ஒரே காரியம். காகிதத்தில் இருந்த அறுபது கேள்வியையும் அப்படியே தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான் வைத்துவிட்டார்கள்.

காகிதப் பட்டியலிலும் ஆம், இல்லை கட்டங்கள்தான் இருந்தன. ஆனால் பக்கத்தில் ஓரம் இருந்தது. ‘ஆம்’ கட்டத்தில் டிக் போட்ட கை, ஓரத்தில் “கதவு திறக்குது, முன்னாடி அட்டைப்பெட்டி அடுக்கியிருக்காங்க” என்று கிறுக்கிவிட்டுப் போகும். பின்னால் கோப்பைப் புரட்டுகிறவருக்கு டிக்கைவிட அந்தக் கிறுக்கல்தான் உதவியது. கைப்பேசித் திரையில் ஓரம் கிடையாது. ஓரத்தில் எழுதப்பட்டதை எல்லாம் இனி கேள்வியின் வகையே தாங்கியாக வேண்டும். அதனால்தான் இந்த நூலில் இதற்கென்று ஒரு முழு அத்தியாயம்.

வகையைத் தேடி மென்பொருளின் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பதில் சொல்கிறவருக்கு அந்தப் பதில் எப்படித் தெரியவரும்? நான்கு வழிதான் உண்டு. கண்ணால் பார்ப்பார், கருவியால் அளப்பார், யாரிடமாவது கேட்பார், அல்லது ஏட்டைப் புரட்டிப் படிப்பார். கண்ணால் பார்ப்பதற்குப் பெரும்பாலும் தேர்வுப் பட்டியல் பொருந்தும். அளப்பதற்கு எண். ஏட்டில் இருப்பதற்குத் தேதி, எண், தேவைப்பட்டால் அந்தப் பக்கத்தின் படம். காதால் கேட்பது இந்த நான்கிலும் கடினமானது. அதற்குப் பின்னால் தனியாக வருகிறேன். எந்த வழியில் பதில் தெரியவரும் என்று உங்களாலேயே சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேள்வி இன்னும் எழுதி முடியவில்லை என்று அர்த்தம். வகையைத் தேட வேண்டாம், கேள்விக்கே திரும்பிப் போங்கள்.

ஒரு சிலிண்டரை வைத்துப் பார்ப்போம்

“தீயணைப்புச் சிலிண்டர்கள் சரியாக உள்ளனவா?” எல்லாப் படிவத்திலும் இருக்கும் கேள்வி. ‘சரியாக’ என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து விஷயம் ஒளிந்திருக்கிறது: எண்ணிக்கை, வகை, அழுத்தம், மறுநிரப்பும் தேதி, ஓடிப்போய் எடுக்க வழி. இவற்றில் நான்கு சரியாக இருந்து ஒன்று தவறியிருந்தால் செக்கிங் பகுதி சூப்பர்வைசர் எந்தப் பொத்தானை அழுத்துவார்? ‘ஆம்’ என்றுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் அழுத்துவேன்.

பிரித்து எழுதினால் இப்படி வரும். இந்தத் தளத்தில் எத்தனை சிலிண்டர்? இது எண் வகை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அடுத்த கேள்விகள் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஓ.டி.கே., கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவ மென்பொருள்களில் இதற்கு ‘ரிப்பீட்’ என்ற குழு உண்டு. கூகுள் ஃபார்ம்ஸில் அந்த வசதி இல்லை. அங்கே ஒரு சிலிண்டருக்கு ஒரு படிவம் என்று வைத்து, சிலிண்டர் எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து வகை: ஏ.பி.சி. பவுடரா, கார்பன் டை ஆக்சைடா? இந்தக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் என்ன ஆகும் என்றால், அதற்கடுத்து வரும் “அழுத்த முள் பச்சையில் உள்ளதா?” என்ற கேள்விக்குப் பாதிச் சிலிண்டர்களில் பொருளே இருக்காது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் அழுத்த மானியே கிடையாது. அதைத் தராசில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தால் மறுபடி நிரப்ப அனுப்ப வேண்டும். எனவே வகையைத் தேர்ந்தெடுத்ததும் படிவம் இரண்டாகப் பிரிய வேண்டும். பவுடர் என்றால் முள் எங்கே நிற்கிறது என்ற தேர்வு, கார்பன் டை ஆக்சைடு என்றால் எடை என்ற எண். எலக்ட்ரிக் பேனல் பக்கத்தில் தொங்குவது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அங்கே இல்லாத முள்ளைப் பற்றி மாதாமாதம் ‘பச்சை’ என்று பதில் வந்துகொண்டிருந்தால், அந்தப் படிவம் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. பொய் சொன்னவர் அந்த சூப்பர்வைசர் இல்லை. கேள்வியை அமைத்தவர்.

இப்படிப் பிரிப்பதற்கு, ஓ.டி.கே., கோபோ படிவத்தை எழுதும் எக்செல் ஷீட்டில் ‘ரெலவன்ட்’ என்ற பத்தி இருக்கிறது. கூகுள் ஃபார்ம்ஸில் பதிலைப் பொறுத்து வேறு செக்ஷனுக்குப் போகச் சொல்லலாம்.

மறுநிரப்பும் தேதிக்குத் தேதி வகையே வேண்டும். “காலாவதி ஆகிவிட்டதா?” என்று கேட்காதீர்கள். சிலிண்டரில் ஒட்டியிருக்கும் தேதியைக் கேளுங்கள். காலாவதி ஆனதா என்பதைப் படிவமே இன்றைய தேதியோடு ஒப்பிட்டுச் சொல்லும். அடுத்த மாதம் எவை காலாவதி ஆகப்போகின்றன என்ற பட்டியலும் அதிலேயே கிடைத்துவிடும். ‘இல்லை’ என்ற பதிலில் அது கிடைக்காது.

எல்லாக் கேள்வியையும் இப்படி உடைத்தால் அறுபது கேள்வி முந்நூறாகி, யாரும் நிரப்ப மாட்டார்கள். உயிர் சம்பந்தப்பட்டவற்றை உடையுங்கள். கேண்டீன் சுவரில் மெனு ஒட்டியிருக்கிறதா என்பதற்கு ஆம், இல்லை போதும்.

‘ஆமாங்க’ என்றால் என்ன?

இங்கிலீஷில் எழுதிய பட்டியலை மொழிபெயர்த்து வைக்கும்போது தமிழில் வருகிற ஒரு சிக்கல் உண்டு. “முதலுதவிப் பெட்டியில் காலாவதியான மருந்து இல்லையா?” என்று கேளுங்கள். ஒருவர் “ஆமாங்க” என்பார். நீங்கள் சொன்னது சரி, காலாவதி மருந்து இல்லை என்று பொருள். இன்னொருவர் “இல்லைங்க” என்பார். அவர் சொல்வதும் காலாவதி மருந்து இல்லை என்பதுதான். இருவரும் ஒரே உண்மையைச் சொல்கிறார்கள். ஷீட்டில் ஒருவர் பச்சை, ஒருவர் சிவப்பு. “நடைபாதை தடுக்கப்படாமல் உள்ளதா?” என்பதும் இதே குழி. பவர் டேபிள்கள் ஓடும் இரைச்சலில் நின்று படிக்கிறவருக்கு ‘படாமல்’ என்ற நான்கு எழுத்து கண்ணில் படாது.

இதற்கு நான் கண்ட வழி, பொத்தானில் ஆம், இல்லை என்ற சொற்களையே எடுத்துவிடுவது. பொத்தானில் நிலையை எழுதுங்கள்: ‘வழி முழுக்கத் திறந்திருக்கிறது’, ‘ஒரு ஆள் போகலாம்’, ‘போக முடியாது’. கேள்வியை அரைகுறையாகப் படித்தவர்கூடப் பொத்தானைப் படித்துவிட்டுத்தான் அழுத்துவார்.

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு மரியாதையும் படிவத்துக்குள் வந்துவிடும். மேனேஜர் வந்து “எல்லாம் சரியா இருக்குதுங்களா?” என்றால், “இருக்குதுங்க” என்பதுதான் வரும் பதில். கேட்டவருக்குக் கொடுக்கிற மரியாதை அது. அதை நாம் தகவல் என்று எடுத்துக்கொள்வதுதான் தவறு. ஆகவே பார்த்து நிரப்ப வேண்டிய கேள்வியைக் கேட்டு நிரப்பும்படி எழுதாதீர்கள். ‘இருக்கிறதா?’ என்பதைவிட ‘எங்கே மாட்டியிருக்கிறது?’ நல்ல கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்ல அந்த இடம்வரை நடந்து போக வேண்டும்.

பதில் பொத்தான்களோடு இன்னும் இரண்டு எப்போதும் இருக்கட்டும்: ‘பொருந்தாது’, ‘பார்க்க முடியவில்லை’. இவை இரண்டும் ஒன்றல்ல. பாய்லரே இல்லாத கம்பெனிக்கு பாய்லர் கேள்வி பொருந்தாது. பாய்லர் இருக்கிறது, அறை பூட்டியிருந்தது, சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார் என்றால் அது பார்க்க முடியவில்லை. ஒரு கம்பெனிக்கு நான் அமைத்துக் கொடுத்த படிவத்தில் ‘பொருந்தாது’ வைக்கத் தவறிவிட்டேன். எல்லாக் கேள்வியும் கட்டாயம் என்று வேறு வைத்திருந்தேன். பாய்லர் இல்லாத அந்த இடத்திலிருந்து மூன்று மாதம் ‘பாய்லர் சான்றிதழ் நடப்பில் உள்ளது’ என்று பதில் வந்தது. அதை அழுத்தாமல் அடுத்த பக்கம் திறக்காது, அவர் என்ன செய்வார்? அந்த மூன்று மாத அறிக்கையையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

எண்ணைக் கேட்கும்போது

எண் வகைக் கேள்வியில் பொன்விதி ஒன்று உண்டு. கணக்குப் போட்ட விடையைக் கேட்காதீர்கள். கருவி காட்டியதை அப்படியே கேளுங்கள்.

நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 28 அன்று உத்தரவிட்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் மறுபடி ஓடுகின்றன. அங்கே உள்ளே வந்த தண்ணீர், சுத்திகரிப்புக்குப் போனது, திரும்பி வந்தது எல்லாம் ஃப்ளோ மீட்டரில் ஓடும் எண்கள். “நேற்று எத்தனை கிலோலிட்டர்?” என்று கேட்டால் ஆபரேட்டர் மனக்கணக்குப் போட்டு ஒரு முழு எண்ணைத் தருவார். “மீட்டரில் இப்போது தெரியும் எண் என்ன?” என்று கேட்டு, பக்கத்தில் மீட்டர் படத்தையும் வாங்குங்கள். நேற்றைய எண்ணைக் கழிக்கிற வேலையைப் படிவம் செய்யட்டும். மீட்டர் எண் பின்னோக்கிப் போக முடியாது. அதனால் தப்பான பதிவு மறுநாளே தெரிந்துவிடும்.

துணியின் ஜி.எஸ்.எம். அளப்பதும் அப்படித்தான். வட்டக் கட்டரால் வெட்டும் துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர், அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 180 என்று ஆர்டர், 5 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி என்றால் 171 முதல் 189 வரை சரி. ‘சராசரி ஜி.எஸ்.எம்.’ என்று ஒரு பெட்டி வைக்காமல், ஐந்து இடத்தில் வெட்டிய ஐந்து எடைக்கும் ஐந்து பெட்டி வையுங்கள். ஐந்திலும் 1.80 என்று வந்தால், அது தராசு சொன்னதா என்று ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போது வரம்பு வைப்பதற்கு வருவோம். ‘கன்ஸ்ட்ரெயின்ட்’ அல்லது ‘வேலிடேஷன்’ என்ற இடத்தில் குறைந்தபட்சம், அதிகபட்சம் கொடுக்கலாம். பெரும்பாலானவர்கள் இங்கே ஸ்பெசிஃபிகேஷன் எண்ணையே கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் மிக மோசமானது இது. கோவை ஃபவுண்டரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் வார்ப்பிரும்பை ஊற்றும் வெப்பம் பொதுவாக 1,300 முதல் 1,450 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். வார்ப்பின் தடிமனைப் பொறுத்து மாறும். படிவத்தில் 1,300-க்குக் கீழே ஏற்காது என்று வைத்துவிட்டீர்கள். இன்று பைரோமீட்டர் 1,270 காட்டுகிறது. மெல்ட்டர் அதைப் போட்டுப் பார்க்கிறார், சிவப்பு எழுத்தில் பிழை என்று வருகிறது. லேடில் கையில் ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் 1,305 என்று போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டு நாள் கழித்து வார்ப்பு நிரம்பாமல் ரிஜக்ட் ஆகி வரும்போது, காரணம் தேடினால் ஷீட்டில் எல்லாமே சரியாக இருக்கும்.

நடக்கவே முடியாததைத் தடுங்கள். நடக்கக் கூடாததைத் தடுக்காதீர்கள். 140 என்றோ 14,000 என்றோ விரல் தவறி விழுவதைத் தடுக்க 1,100 முதல் 1,600 வரை ஏற்கலாம் என்று வையுங்கள். ஸ்பெசிஃபிகேஷனுக்கு வெளியே உள்ள எண் வந்தால், தடுக்காமல் அடுத்த கேள்வியைத் திறக்கச் செய்யுங்கள்: மறுபடி அளந்தீர்களா? இரண்டாவது அளவு என்ன? அந்த லேடிலை என்ன செய்தீர்கள்? ஆடிட் படிவம் இருப்பதே தவறு உள்ளே வருவதற்காகத்தான். வாசலிலேயே அதைத் திருப்பி அனுப்பினால் பிறகு எதற்குப் படிவம்?

வரம்பு எண்ணை எங்கே வைப்பது என்ற கேள்வி சட்டத்திலிருந்து வருகிற எண்களுக்கும் உண்டு. 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி 250 பேருக்கு மேல் இருந்தால் கேண்டீன் வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்த எல்லை 100 ஆனது. “250 பேருக்கு மேல் இருப்பதால் கேண்டீன் உள்ளதா?” என்று வாக்கியத்துக்குள்ளேயே எண்ணைப் புதைத்திருந்தவர்கள் ஒவ்வொரு படிவமாகத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, கேண்டீன் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. எல்லை எண் கணக்கிடும் வரியில் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தேதி, ஷிஃப்ட் பற்றி இரண்டே வரி. 03/04 என்று கையால் அடிக்க விட்டால் ஐரோப்பிய பையருக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்க பையருக்கு மார்ச் 4. எனவே காலண்டரிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகையை வையுங்கள். நாள் முழுக்க ஓடும் மில்களில் மூன்றாவது ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டும். கைப்பேசி தானாகப் பதியும் நேரத்தை மட்டும் நம்பாமல், எந்த நாளின் எந்த ஷிஃப்ட் என்று தனியாகக் கேளுங்கள்.

ஒன்று முதல் ஐந்து வரை

‘கழிவறை சுத்தம்: 1 முதல் 5 வரை மதிப்பிடுக.’ இந்த வகையை நான் ஆடிட் படிவங்களில் ஏறக்குறைய வைப்பதே இல்லை. ஒருவருடைய 3 இன்னொருவருடைய 4. போகப் போக எல்லாமே 4 ஆகிவிடும், ஏனென்றால் 5 போட்டால் கேள்வி வரும், 3 போட்டாலும் கேள்வி வரும்.

அளவுகோலே கூடாது என்று சொல்லவில்லை. அதன் ஒவ்வொரு படிக்கும் கையில் பிடிக்கக்கூடிய ஆதாரம் இருக்க வேண்டும். நம் தொழிலிலேயே அதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. துணி செக்கிங்கில் ஃபோர் பாயின்ட் முறை இருக்கிறதே, அதில் 3 அங்குலம் வரை உள்ள பழுதுக்கு 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. செக்கரின் மனநிலைக்கு அங்கே வேலை இல்லை, டேப் முடிவு செய்கிறது. சாயம் போகிறதா என்று பார்க்கும் கிரே ஸ்கேல் இன்னொன்று. 5 என்றால் மாற்றமே இல்லை, 1 என்றால் மிக மோசம், நடுவில் அரைப் படிகளும் உண்டு. ஆனால் அந்த அட்டையைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எண் கொடுப்பார்கள். உங்கள் படிவத்திலும் அளவுகோல் வேண்டும் என்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரு புகைப்படத்தைக் கேள்விக்குள்ளேயே வையுங்கள், அல்லது எண்ணக்கூடிய ஒன்றால் வரையறுங்கள்.

ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் ‘பாஸா, ஃபெயிலா?’ என்று கேட்பதும் இதே குற்றம்தான். 2,000 பீஸ் லாட்டுக்கு, ஜெனரல் லெவல் 2-இல் 125 பீஸ் எடுக்க வேண்டும். ஏ.க்யூ.எல். 2.5 என்றால் 7 பழுது வரை ஏற்பு, 8 என்றால் நிராகரிப்பு. எத்தனை பீஸ் பார்த்தீர்கள், எத்தனை பழுது என்ற இரண்டு எண்ணை மட்டும் வாங்குங்கள். 7 ஆ 8 ஆ என்ற இடத்தில் ஷிப்மெண்ட் தேதி நெருங்கிய ஒரு மனிதரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வது அவருக்கே அநியாயம்.

பட்டியல்களும் எழுத்துப் பெட்டியும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர், சப்ளையர், ஜாப் ஒர்க் யூனிட், மெஷின் எண் ஆகியவற்றை ஒருபோதும் தட்டச்சு செய்ய விடாதீர்கள். ஊத்துக்குளி, ஊத்துகுளி, உத்துக்குளி என்று ஷீட்டில் மூன்று ஊர் முளைக்கும். பெருந்துறைக்கும் அதே கதி. ஒன்றுக்கு மேல் சரியாக இருக்கக்கூடிய இடத்தில், உதாரணமாக ஓட்டை, ஊசிக் கோடு, ஆயில் கறை, ஷேடு வேறுபாடு என்ற பழுதுப் பட்டியலில், பலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகையை வையுங்கள். ‘மற்றவை’ கட்டாயம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படியுங்கள். ஒரே விஷயம் நான்கைந்து தடவை வந்திருந்தால் அதைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தொழிலாளி சொல்லும் சொல்லையே பட்டியலில் வைக்க வேண்டும். ‘உதவியாளர்’ என்று போட்டுவிட்டுக் கைமடிப் பெண்களை அதில் தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

எழுத்துப் பெட்டியைக் கட்டாயமாக்காதீர்கள். கட்டாயமாக்கினால் ஒரு புள்ளி வரும், அல்லது ‘ஓகே’ வரும். பதில் தவறான நிலையைக் காட்டும்போது மட்டும் பெட்டி திறக்கட்டும். தமிழில் அடிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரலால் எழுதும் வசதியைக் காட்டிக் கொடுங்கள், ஓ.டி.கே.யில் குரலையே பதிவு செய்யும் வகையும் இருக்கிறது.

காதால் கேட்க வேண்டியவை

நூற்பாலை விடுதிகளில் இளம்பெண்களைத் தங்கவைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் பற்றி 2011-இலும் 2014-இலும் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ‘இந்தியா கமிட்டி ஆஃப் தி நெதர்லாண்ட்ஸ்’ என்ற இரண்டு அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைகள் உலகம் முழுக்கப் பேசப்பட்டன. தமிழ்நாடு அரசும் 2014-இல் விடுதிகளை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பல சோஷியல் ஆடிட் படிவங்களிலும் “விடுதியிலிருந்து வெளியே செல்ல அனுமதி உண்டா? ஆம் / இல்லை” என்ற வரி சேர்ந்துகொண்டது. வார்டன் பத்தடியில் நிற்கும்போது பதினெட்டு வயதுப் பெண் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

நடந்ததைக் கேளுங்கள். “கடைசியாக எப்போது கடைத்தெருவுக்குப் போனீங்க? யாரோட போனீங்க? போகும் முன்னால் யாரிடம் சொன்னீங்க?” இதற்கு ஆம், இல்லை பொருந்தாது, நீண்ட எழுத்துப் பெட்டிதான். கேட்கிறவர் பேசி முடித்து, தனியாக வந்து உட்கார்ந்து எழுத வேண்டும். பேசும்போது கைப்பேசியை வெளியே எடுக்கவே கூடாது. பிறகு அவர் மட்டும் நிரப்ப இரண்டு தேர்வுக் கேள்விகள்: பேசும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? எந்த மொழியில் பேசினீர்கள்? ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை செய்கிறவரின் பேட்டியை, அவருடைய சூப்பர்வைசரே மொழிபெயர்த்தார் என்றால் அந்தப் பதில்களை வேறு கண்ணோடு படிக்க வேண்டும். பெயர், டோக்கன் எண், படம் மூன்றுக்கும் இந்தப் பகுதியில் இடமே வைக்காதீர்கள். பெட்டி இருந்தால் யாராவது நிரப்பிவிடுவார்கள். பிறகு அது யார் கைக்குப் போகும் என்று உங்களால் உறுதி சொல்ல முடியாது.

படம், கையெழுத்து, சிக்னல்

எல்லாக் கேள்விக்கும் படம் கேட்டால், தினமும் அதே சுவரின் நாற்பது படம் சேரும், ஒருவரும் பார்க்க மாட்டார்கள். தவறு கண்ட இடத்தில் ஒன்று, சரிசெய்த பிறகு அதே இடத்தில் ஒன்று என்று கேளுங்கள். தையல் வரிசையைப் படமெடுத்தால் பெண்களின் முகம் விழும். அவர்களைக் கேட்காமல் அப்படிப் படம் எடுக்கும்படி ஒரு கேள்வியை அமைக்க நமக்கு உரிமை இல்லை. கையெழுத்துக்கு முன்னால் கண்ட தவறுகளின் சுருக்கத்தைத் திரையில் காட்டுங்கள். எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் யாரும் போடக் கூடாது. குடோனிலும் தகர ஷெட்டிலும் சிக்னல் இருக்காது. கூகுள் ஃபார்ம்ஸ் நெட் இல்லாமல் ஓடாது, கோபோவும் ஓ.டி.கே.யும் கைப்பேசியிலேயே சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும். இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மதிப்பெண்

கடைசியாக, படிவம் தரும் சதவீதம். ‘பொருந்தாது’ வந்த கேள்விகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். 40 கேள்வியில் 30 சரி, 4 தவறு, 6 பொருந்தாது என்றால் 34-க்கு 30, அதாவது 88 சதவீதம். ‘பார்க்க முடியவில்லை’ என்பதை அப்படி எடுத்துவிடக் கூடாது. அது கணக்கில் இருக்கட்டும், சரி என்று சேராமல் இருக்கட்டும். இல்லாவிட்டால் கடினமான அறைகளைப் பூட்டி வைப்பதே மதிப்பெண் கூட்டும் வழியாகிவிடும்.

இதைவிடப் பெரிய ஆபத்து சராசரி. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் கம்பி. அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ.8000 சான்றிதழ் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. திருப்பூரில் ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறோமே, அதே சான்றிதழ்தான். 60 கேள்விப் படிவத்தில் பூட்டிய கதவு ஒரே ஒரு ‘இல்லை’. மீதி 59 சரி என்றால் 98 சதவீதம், பச்சை நிறம், ‘மிக நன்று’. எனவே கதவு, தீ, பாய்லர், மின்சாரம், வயது, விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குதல் ஆகிய கேள்விகளைச் சராசரியில் சேர்க்காதீர்கள். அவற்றில் ஒன்று தவறினால் சதவீதமே காட்டக் கூடாது. அந்த ஒரு வரி மட்டும் சிவப்பில் நிற்க வேண்டும், அப்போதே பொறுப்பானவருக்குச் செய்தி போக வேண்டும். கேள்வி வகை அமைக்கும்போதே இதையும் ஒரு பத்தியில் குறித்துவிடலாம்: இது முடக்கும் கேள்வியா, இல்லையா?

படிவம் தயாரானதும் ஆபீஸ் அறையில் நிரப்பிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடாதீர்கள். ஒரு இரவு ஷிஃப்டில், இதை நிரப்பப்போகிற சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் அவர் பின்னால் நடங்கள். எந்தக் கேள்வியில் அவர் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறார், எதை நடக்காமலே நிரப்புகிறார் என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியலில் வந்த கேள்விகளைத் திருத்தி எழுதுங்கள், இரண்டாவது பட்டியலில் வந்தவற்றின் வகையை மாற்றுங்கள். அதற்குப் பிறகு அனுப்புங்கள்.